ஓட்ஸின் பூர்வீகத்தைச் சாப்பாட்டு மேசையில் தேடுவது எப்படி?

பினாங்குத் தமிழ்க் குடும்பங்களின் சமையலறை அலமாரியில், அரிசி வாளிக்குப் பக்கத்தில் ஓட்ஸ் பொட்டலமும் இடம்பிடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காலைக் கஞ்சியாகவும், தோசை மாவில் கலப்பதற்காகவும் அதை வாங்குகிறோம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், டின்னில் தொப்பியோடு சிரிக்கும் வெள்ளைக்காரரைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறோம். தமிழ்ப்பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பெற்றோரும் ஆசிரியர்களும் இந்தக் கேள்வியை வீட்டு மேசையிலேயே ஆராய்ந்து பார்க்கும் வழியை இங்கே விளக்குகிறேன். ஒரு கைலென்ஸும், மூன்று வகைப் பயறும், இரண்டு மூன்று மாலை நேரங்களும் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்ஸ், மனிதன் தேடிப்போய் வளர்த்த தானியம் அன்று. கோதுமை வயலிலும் பார்லி வயலிலும் அழையா விருந்தாளியாக முளைத்து, அந்தப் பயிர்களோடு ஊர் ஊராகப் பயணம் செய்து, பிறகு தானே பயிராகிவிட்ட களை அது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு செய்தியின் தடயத்தைத்தான் தேடுகிறது.

முதலில் சரியான மணியைத் தேடுங்கள்

பொட்டலத்தில் உள்ள தட்டை ஓட்ஸ் இந்த வேலைக்கு உதவாது. ஓட்ஸ் மணியில் மற்ற தானியங்களைவிடக் கொழுப்பு அதிகம். உமியை நீக்கியவுடன் அதிலுள்ள நொதி அந்தக் கொழுப்பைச் சிதைத்துக் கசப்பேற்றிவிடும் என்பதால், ஆலையில் மணியை நீராவியில் வேகவைத்து உலர்த்திய பிறகே உருளைகளுக்கு இடையே நசுக்குகிறார்கள். வெந்த மணி முளைக்காது. நசுங்கிய மணியில் பார்ப்பதற்கும் ஒன்றும் மிஞ்சியிராது.

நமக்குத் தேவை உமியோடு கூடிய முழு மணி. செல்லப்பிராணிக் கடைகளில் பூனைகளுக்கான புல்விதை என்று சிறு பொட்டலங்களில் விற்பது பல சமயம் ஓட்ஸ்தான். சில பொட்டலங்களில் கோதுமையோ பார்லியோ இருக்கும் என்பதால் பார்த்து வாங்க வேண்டும். கோதுமை உமியில்லாமல், நடுவில் ஆழமான கோட்டோடு உருண்டையாக இருக்கும். பார்லியில் உமி மணியோடு ஒட்டிப் பிடித்திருக்கும். ஓட்ஸ் மணி மெலிந்து நீண்டிருக்கும். நகத்தால் நெம்பினால் உமி கழன்று, உள்ளே மென்மையான முடி போர்த்திய அரிசி தெரியும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் பத்து மணிகளை ஈரத்துணியில் முளைக்கவிட்டு, நாற்று ஒரு சாண் உயரம் வளர்ந்ததும் இலை தண்டைத் தழுவும் இடத்தைப் பாருங்கள். பார்லியில் அங்கே இரண்டு காது மடல்கள் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். கோதுமையில் அவை சிறியவை. ஓட்ஸில் மடலே இருக்காது. இலையின் முறுக்கும் வேறுபடும். மேலிருந்து பார்க்கும்போது ஓட்ஸ் இலை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், மற்ற இரண்டும் முள்ளின் திசையிலும் முறுக்கிக்கொள்ளும்.

காட்டு ஓட்ஸ் மணியை வெளிநாட்டிலிருந்து யாரிடமாவது கேட்டு வாங்கிவரலாம் என்ற எண்ணம் வேண்டாம். அது உலகின் மிகக் கொடிய களைகளுள் ஒன்று என்பது ஒருபுறமிருக்க, விதைகளை அனுமதியின்றிக் கொண்டுவருவதை 1976ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. காட்டு இனங்களுக்கு, தாவரக் காப்பகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் உலர்மாதிரிப் படங்களே போதும்.

மணியின் அடியைப் பாருங்கள்

இதுதான் முழு ஆய்விலும் முக்கியமான இடம், அவசரப்படக் கூடாது. ஓட்ஸின் பூங்கொத்தில் மணிகள் நெல்லைப்போல் ஒற்றை ஒற்றையாகத் தொங்குவதில்லை. காகிதம்போன்ற இரண்டு நீண்ட செதில்களுக்கு உள்ளே இரண்டு அல்லது மூன்று மணிகள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். இந்தக் கூட்டத்துக்குச் சிறுகதிர் என்று பெயர். உங்கள் கையிலுள்ள மணி அந்தச் சிறுகதிரிலிருந்து எப்படிப் பிரிந்தது என்பதை அதன் அடி நுனியே சொல்லிவிடும்.

பயிர் ஓட்ஸ் மணியைக் கைலென்ஸின் கீழ் வைத்தால், அடியில் ஒழுங்கற்ற சிறிய முறிவு தெரியும். அது தானாக உதிரவில்லை; கதிரடிக்கும்போது வலுக்கட்டாயமாக முறிக்கப்பட்டது. இப்போது அவேனா ஃபட்டுவா என்னும் காட்டு ஓட்ஸின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடியில் குதிரை லாடம் போன்ற வழவழப்பான வடு, அதைச் சுற்றி முடிக்கற்றை. பழுத்த மணியைத் தாய்ச்செடி தானே கழற்றிவிடுவதற்கான பொருத்து அது. ஃபட்டுவாவில் ஒவ்வொரு மணிக்கும் இந்த வடு உண்டு என்பதால் மணிகள் தனித்தனியாக உதிர்கின்றன. அவேனா ஸ்டெரிலிஸ் என்னும் இன்னொரு காட்டு இனத்தில் அடிமணிக்கு மட்டுமே வடு உண்டு; அதனால் சிறுகதிர் முழுவதும் ஒரே பொட்டலமாக விழுகிறது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் வரைந்து பெயரிடட்டும். பயிர் ஓட்ஸின் நேரடி மூதாதை இந்த ஸ்டெரிலிஸ்தான் என்பதால் அந்தப் படம் பிறகு தேவைப்படும். ஸ்டெரிலிஸ் என்றால் மலடு என்று பொருள். ஆனால் துருக்கி முதல் ஈரான் வரை மலைச்சரிவுகளை நிறைத்து வளரும் அந்தப் புல்லுக்கு அதைவிடப் பொருந்தாத பெயர் கிடையாது.

அடுத்து வாலைப் பாருங்கள். நம் பழைய நெல் வகைகளில் வாலான் என்று ஒன்றுண்டு. மணி நுனியில் நீண்ட வால் இருப்பதால் வந்த பெயர். காட்டு ஓட்ஸின் வால் உமியின் முதுகிலிருந்து கிளம்பி, பாதி தூரம் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு, பிறகு முழங்கால்போல் மடங்கியிருக்கும். பனியில் நனைந்தால் முறுக்கு அவிழும். வெயிலில் காய்ந்தால் மறுபடி முறுக்கும். இப்படி இரவும் பகலும் திரும்பித் திரும்பி, விழுந்த மணி தரையில் நகர்ந்து ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து உள்ளே இறங்கிவிடுகிறது. பயிர் ஓட்ஸில் இந்த வால் இல்லாமலோ, முறுக்கிழந்த சிறு முடியாகவோ போய்விட்டது, ஏனென்றால் அதை மண்ணில் புதைக்கும் வேலையை மனிதன் எடுத்துக்கொண்டான். கூரிய அடியும் முடியும் என்ன செய்யும் என்று தொட்டு உணர வேண்டுமென்றால், நம் பள்ளித் திடலில் காற்சட்டையில் குத்தி ஒட்டிக்கொள்ளும் கெமுஞ்சுப் புல்லின் விதையை லென்ஸில் காட்டுங்கள். உறவு தூரமானாலும் உத்தி அதே வகைதான்.

களை எப்படிப் பயிரானது என்பதை விளையாடிக் காட்டுங்கள்

நெற்பயிர்போலவே தோன்றி உழவனை ஏமாற்றும் களைக்குத் தமிழில் நெற்சக்களத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓட்ஸ் ஒரு காலத்தில் கோதுமையின் சக்களத்தியாக இருந்தது என்று தொடங்கினால் பாட்டிமார் உட்பட எல்லாருக்கும் விளங்கிவிடும்.

இப்போது நூறு பயறுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 90 கறுப்பு உளுந்து, 10 பச்சைப்பயறு. உளுந்து, பழுத்ததும் உதிர்ந்துவிடும் காட்டு மணி. பச்சைப்பயறு, ஏதோ ஒரு மரபு மாற்றத்தால் உதிராமல் கதிரிலேயே தங்கும் மணி. கோதுமை அறுவடை வரும்போது, உதிரும் மணிகளில் பத்தில் ஒன்றுதான் அரிவாளில் அகப்படும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் களஞ்சியத்துக்கு 9 உளுந்தும் 10 பச்சைப்பயறும் வந்து சேரும். அடுத்த பருவம் அதே விகிதத்தில் நூறு மணிகளை விதைத்தால், ஏறத்தாழ 47 உளுந்து, 53 பச்சைப்பயறு. இன்னும் ஓர் அறுவடை செய்தால் நூற்றுக்கு 90க்கு மேல் பச்சைப்பயறு வந்துவிடும். களையைப் பயிராக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை, அரிவாளே தேர்ந்தெடுத்துக்கொண்டது. உண்மை வயலில் இது இவ்வளவு விரைவாக நடந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். உதிர்ந்த மணிகள் அதே வயலில் மறு ஆண்டும் முளைக்கும். அவற்றில் பல மண்ணுக்குள் சில ஆண்டுகள் உறங்கிக் கிடந்தும் முளைக்கும்.

பாலிக் பூலாவ் வயல்களையோ கெடா சமவெளியையோ அறிந்த பிள்ளைகளுக்கு இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று உண்டு. உழவர்கள் பாடி ஆங்கின், அதாவது காற்று நெல் என்று சொல்லும் களைநெல்லை, காற்றடித்தாலே மணி உதிர்ந்துவிடும் என்பதால் அப்படி அழைக்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் சிலாங்கூரின் வடமேற்கு நெல்வயல்களில், நாற்று நடுவதை விட்டு நேரடியாக விதைக்கத் தொடங்கிய காலத்தில், அது பெரிய தொல்லையாகத் தலைகாட்டியது. அங்கே பெரும்பாலும் பயிர் நெல்லே உதிரும் குணத்தை மீண்டும் பெற்றுக் களையாகியிருக்கிறது. ஓட்ஸில் களை அந்தக் குணத்தை இழந்து பயிராகியிருக்கிறது. இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான், போகும் திசைதான் வேறு. கண்காட்சி அட்டையில் இந்த இரண்டையும் அருகருகே வைப்பதையே நான் விரும்புவேன், ஏனெனில் ஓட்ஸைப் பார்த்திராத நடுவரும் களைநெல்லை அறிந்திருப்பார்.

ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கொலாய் வாவிலோவ் 1920களில் கவனித்தது இதைத்தான். எம்மர் என்னும் பழங்கோதுமை வயல்களில் ஓட்ஸ் களையாக நிற்பதையும், அந்தக் கோதுமையை எடுத்துக்கொண்டு மக்கள் குளிரும் ஈரமும் மிகுந்த வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல, தாக்குப்பிடிக்காத கோதுமையைக் களை முந்திவிடுவதையும் கண்டு, இத்தகைய பயிர்களை இரண்டாம் நிலைப் பயிர்கள் என்று வகுத்தார். அதனால்தான் மூதாதைப் புல் மேற்காசியாவைச் சேர்ந்ததாக இருந்தும், பயிர் ஓட்ஸின் தடயம் ஐரோப்பாவின் வெண்கலக் காலத்தில், கோதுமைக்கும் பார்லிக்கும் பல ஆயிரம் ஆண்டுகள் பின்தங்கியே தெளிவாகத் தெரிகிறது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிளினி, பார்லி கெட்டுப்போய் ஓட்ஸாக மாறுகிறது, அது தானியத்துக்கு வரும் நோய் என்றே எழுதினார். அதே இடத்தில், ஜெர்மானியர் அதை விதைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்றும் குறித்தார். ஒரே புல் ஓரிடத்தில் நோயாகவும் இன்னோரிடத்தில் சோறாகவும் இருந்த காலம் அது.

ஆனால் பயிராவதற்கு வெகுகாலம் முன்பே மனிதர் காட்டு ஓட்ஸை உண்டிருக்கிறார்கள். தெற்கு இத்தாலியின் பலிச்சி குகையில் கிடைத்த, ஏறத்தாழ 32,000 ஆண்டுப் பழமையான அரைகல்லில் ஓட்ஸ் மாவுமணிகள் ஒட்டியிருந்தன. யோர்தான் பள்ளத்தாக்கின் கில்கால் என்னுமிடத்தில் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்டெரிலிஸ் மணிகளை ஒரு லட்சத்துக்கும் மேல் சேமித்து வைத்திருந்தார்கள். அங்கே அவர்கள் பயிரிடவும் முயன்று, பிறகு கைவிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

களைக்கும் பயிருக்கும் இடைப்பட்ட நிலையை இன்றும் கண்ணால் காண எத்தியோப்பிய மலைநாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே பார்லி வயல்களில் அவேனா அபிசினிகா என்னும் ஓட்ஸ் தானாக முளைக்கிறது. உழவர்கள் அதைத் தனியாக விதைப்பதுமில்லை, பிடுங்கி எறிவதுமில்லை. பார்லியோடு சேர்த்தே அறுத்து, சேர்த்தே உண்கிறார்கள். மணியும் பாதி உதிரும், பாதி நிற்கும். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செடி இதுதான்.

பயறுகளை அடுக்கிக் குடும்ப வரலாற்றைப் படியுங்கள்

எஸ்பிஎம் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பகுதியை அவர்களிடம் ஒப்படைக்கலாம். செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளே குரோமோசோம்கள்; ஓட்ஸ் பேரினத்தில் அவற்றின் அடிப்படை எண்ணிக்கை ஏழு. ஏழு கொண்ட ஒவ்வொரு தொகுதிக்கும் அறிவியலார் ஓர் எழுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த முறை ஒரு பயறு என்றால் ஒரு குரோமோசோம்: ஏ தொகுதிக்குப் பச்சைப்பயறு, சி தொகுதிக்குக் கறுப்பு உளுந்து, டி தொகுதிக்குப் பச்சைப்பட்டாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டாணியைக் காரணத்தோடுதான் சொல்கிறேன்: டி தொகுதி, ஏ தொகுதியைப்போலவே நிறத்தில் ஏமாற்றும், சி தொகுதியோ பார்த்தவுடன் வேறு என்று தெரியும்.

முதல் தட்டில் பச்சைப்பயறை இரண்டிரண்டாக ஏழு ஜோடி வையுங்கள், மொத்தம் 14. இது அவேனா லாங்கிகுளூமிஸ் போன்ற எளிய காட்டு ஓட்ஸ். இரண்டாம் தட்டில் உளுந்து ஏழு ஜோடி, பட்டாணி ஏழு ஜோடி, மொத்தம் 28. இது சிசிலித் தீவிலும் துனீசியாவிலும் வளரும் அவேனா இன்சுலாரிஸ், 1998இல்தான் இது தனி இனமாக விவரிக்கப்பட்டது. இப்போது இரண்டும் கலக்கின்றன என்று கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஜோடியில் பாதியைத் தரும்: முதல் தட்டிலிருந்து 7 பச்சைப்பயறு, இரண்டாவதிலிருந்து 7 உளுந்தும் 7 பட்டாணியும். மூன்றாம் தட்டில் 21 பயறு சேரும், ஆனால் எதற்கும் ஜோடி இல்லை. ஜோடி இல்லாமல் இனப்பெருக்க செல்கள் ஒழுங்காகப் பிரிய முடியாது என்பதால் அந்தச் செடி மலடாகிவிடும். எப்போதோ ஒருமுறை, குரோமோசோம்கள் பாதியாகப் பிரியாமல் முழுமையாகவே அடுத்த தலைமுறைக்குச் சென்று இரட்டிப்பாகிவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்து 42 ஆகும். பிள்ளைகளே மேலும் 21 பயறுகளை அடுக்கி ஜோடி சேர்க்கட்டும். நம் காலைக் கஞ்சியில் இருப்பது இந்த 42தான். ஸ்டெரிலிஸ், ஃபட்டுவா ஆகிய இரண்டிலும் அதே 42தான். இந்தக் கலப்பு காட்டிலேயே நிகழ்ந்து முடிந்த பிறகுதான் மனிதன் உள்ளே வந்தான்.

பழைய பாடநூல்களில் இன்சுலாரிஸுக்கு ஏ, சி என்ற எழுத்துகள் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பட்டாணியைப் பச்சைப்பயறு என்று எண்ணியதால் வந்த பிழை அது. அண்மைக்கால மரபணு ஆய்வுகள் அதை சி, டி என்று திருத்தியிருக்கின்றன. 2022இல் சாங் என்னும் சுவீடன் வகையின் முழு மரபணுத்தொகுதியும், சீனாவின் உமியற்ற ஓட்ஸ் வகை ஒன்றின் தொகுதியும் படித்து வெளியிடப்பட்டபோது, மூன்று தொகுதிகளும் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டு ஒட்டுத்துணிபோல் ஆகியிருப்பதும் தெரியவந்தது. அதைக் காட்ட விரும்பினால் நான்காம் தட்டில் இரண்டு மூன்று பயறுகளைப் பாதியாக உடைத்து, வேறு நிறப் பாதியோடு பசையால் ஒட்டிவிடுங்கள்.

இதே அடுக்கல் இன்னொரு கேள்விக்கும் விடை தருகிறது: எந்தக் காட்டு உறவினர் பயிருக்கு எளிதில் உதவுவார்? 42 குரோமோசோம் கொண்ட ஸ்டெரிலிஸ், பயிரோடு தடையின்றிக் கலக்கும். ஓட்ஸைப் பாழாக்கும் கிரீடத் துருநோயை எதிர்க்கும் பிசி38, பிசி39 போன்ற மரபணுக்கள் அதிலிருந்து அப்படித்தான் வந்தன. 28 கொண்ட அவேனா பார்பட்டாவிலோ ஜோடி பொருந்தாது. சாம்பல் நோய் எதிர்ப்பை அதிலிருந்து பயிருக்குக் கொண்டுவர, வேல்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 1970களில் கதிர்வீச்சின் உதவியால் குரோமோசோம் துண்டை இடம்மாற்ற வேண்டியிருந்தது. அல்ஜீரிய மலைகளில் வாழும் அவேனா மாக்ரோஸ்டாக்கியா இன்னும் தூரத்து உறவு. பேரினத்தில் பல்லாண்டு வாழும் இனம் அது ஒன்றே.

பெயரட்டை எழுதும்போது

அதிகம் தவறு நேர்வது இங்கேதான், நானும் விதிவிலக்கல்லன். பழைய நூல் ஒன்றை நம்பி, ஃபட்டுவாவே மூதாதை என்று முன்பொரு முறை அட்டையில் எழுதவைத்து, ஒரு மாணவி கேட்ட கேள்விக்குப் பிறகே திருத்தினேன். ஸ்டெரிலிஸுக்குக் கீழே பயிர் இனமான அவேனா சட்டிவாவையும் ஃபட்டுவாவையும் உடன்பிறந்தவர்கள்போல் வரைவதே பொருத்தம். ஓட்ஸ் ஸ்காட்லாந்தில் தோன்றியது என்றும் எழுதிவிடாதீர்கள். அங்கே அது செழித்தது, அவ்வளவுதான். வேறொரு தனி வரியில் அவேனா ஸ்ட்ரிகோசாவைச் சேருங்கள். 14 குரோமோசோம் கொண்ட இந்தக் கறுப்பு ஓட்ஸ் தனியாகவே பயிரானது. ஸ்காட்லாந்தின் வடக்கு, மேற்குத் தீவுகளில் இன்னும் சிறிதளவு விளைகிறது, பிரேசிலில் நிலத்தை மூடிக் காக்கும் பயிராகப் பேரளவில் விதைக்கப்படுகிறது.

தொட்டியில் வளர்க்க நினைத்தால்

முளைக்கும், ஆனால் கதிரை எதிர்பார்க்காதீர்கள். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி மாடத்தில் வளர்த்தபோது இரண்டு மாதம் புல்லாகவே நின்று, கடைசியில் பக்கத்து வீட்டுப் பூனைக்கு விருந்தாயிற்று. வெயில் மட்டும் காரணமன்று. ஓட்ஸ் நீண்ட பகலை எண்ணிப் பூக்கும் செடி. நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள நமக்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணிநேரம்தான். கேமரன் மலைக்கு எடுத்துச் சென்றால் குளிர் கிடைக்கும், பகல் நீளாது. கதிரைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், குளிரூட்டிய அறையில் வளர்விளக்கின் கீழ் நாளுக்கு 16 மணிநேர வெளிச்சம் கொடுங்கள். மின்கட்டணத்தை வீட்டாரோடு பேசி முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கண்காட்சிக்கு நாற்று மட்டுமே போதும் என்பது என் கருத்து.

கண்காட்சி நாளன்று தட்டுகளை மேசையில் மூன்று வரிசையாக வையுங்கள்: பின்னால் 14, நடுவில் 28, முன்னால் 42. பின் வரிசையில் பச்சைப்பயறு தட்டு லாங்கிகுளூமிஸுக்கு. உளுந்துத் தட்டு, சி தொகுதியை மட்டும் சுமக்கும் அவேனா எரியாந்தாவுக்கு. மூன்றாவதாக ஒரு தட்டைக் காலியாகவே வைத்து, டி என்று மட்டும் எழுதி ஒட்டுங்கள். அந்தத் தொகுதியைத் தனியாகச் சுமக்கும் புல்லை இதுவரை யாரும் எந்த மலையிலும் கண்டெடுக்கவில்லை.